டைல் ஒட்டாத சுவர்கள்: சுண்ணாம்பு, ஆக்சைடு, ஆத்தங்குடி, உடைசல்

ஐந்துக்கு எட்டு அடியில் ஒரு குளியலறை. நாலு சுவரும் சேர்ந்து 26 அடி நீளம். ஏழடி உயரத்துக்கு டைல் ஒட்டினால் 182 சதுர அடி. கதவைக் கழித்தால் ஏறத்தாழ 165. இதில் ஷவர் தண்ணீர் நேராக அடிப்பது ஒரு மூலையில்தான்: ஒரு பக்கம் ஐந்தடி, இன்னொரு பக்கம் மூன்றடி, ஆகமொத்தம் 56 சதுர அடி. வாளியில் மொண்டு குளிக்கிற வீடென்றால் தெறிப்பு பெரும்பாலும் மூன்றடி உயரத்தோடு நின்றுவிடும். சமையலறையில் இன்னும் குறைவு. மேடைக்கு மேல் இரண்டடி உயரம் போதும். அதிலும் அடுப்புக்குப் பின்னால் இருக்கும் மூன்றடி அகலம்தான் சூட்டையும் தாளிப்பு எண்ணெயையும் வாங்குகிறது.

இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்தால், டைல் கடையில் மொத்தச் சுவருக்கும் பெட்டி பெட்டியாக வாங்குவது எவ்வளவு தேவையற்றது என்று தெரியும். டைல் கெட்ட பொருள் அல்ல. தண்ணீரும் எண்ணெயும் தினமும் படுகிற இடத்தில் அது உழைக்கும். மற்ற சுவர்களுக்கு அதைவிட அழகான, மூச்சுவிடக்கூடிய, கைவேலை தெரிகிற வழிகள் நம்மிடம் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஏற்ற இடம் எது, எங்கே தோற்கும், ஏன் தோற்கும் என்பதைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ஆசிட் பாட்டிலைப் பாருங்கள்

பொருளைத் தேடப் போகும் முன் வீட்டில் குளியலறையை எதைக் கொண்டு கழுவுகிறார்கள் என்று கேளுங்கள். சுண்ணாம்புப் பூச்சு, சிமெண்ட் ஆக்சைடு, ஆத்தங்குடி டைல், கடப்பாக்கல், கோட்டாக்கல், மார்பிள் எல்லாமே கால்சியம் சார்ந்தவை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் நுரைத்துக் கரையும். ஒரே ஒரு முறை ஆசிட் ஊற்றித் தேய்த்தாலே மெருகு போய்விடும். போனது துடைத்தால் திரும்பாது. சமையலறையில் இதே வேலையைப் புளி, எலுமிச்சை, தயிர் மெதுவாகச் செய்யும். வேலைக்கு வருபவர் ஆசிட் போட்டுத்தான் கழுவுவார், அதை மாற்ற முடியாது என்றால், அந்த அறையில் கிரானைட்டோ பீங்கான் டைலோதான் சரி.

இரண்டாவது கேள்வி போர் தண்ணீர். உப்புத் தண்ணீர் காய்ந்து படியும் வெள்ளைத் திட்டில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட். கறுப்பு ஆக்சைடிலும் கடப்பாவிலும் அது பளிச்சென்று தெரியும். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரில் கண்ணுக்கே படாது, ஏனென்றால் அந்தச் சுவரும் இறுகிய கால்சியம் கார்பனேட்தான். கடின நீர் வருகிற வீட்டில் கறுப்புக் குளியலறை கேட்பவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சு

காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் தொட்டால் குளிர்ந்து, முகம் மங்கலாகத் தெரிகிற வெள்ளைச் சுவர்களைப் பார்த்திருப்பீர்கள். சென்னையில் கிளிஞ்சல் சுண்ணாம்பு கொண்டு செய்த இதே வகைப் பூச்சு அக்காலத்து ஆங்கிலேயர்களை வியக்க வைத்தது. கடுக்காய், வெல்லம், முட்டை, தயிர் எல்லாம் சேரும் மதராஸ் கலவை முறை 1730களிலேயே லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அச்சாகியிருக்கிறது. பளபளப்புக்குக் காரணம் முட்டை என்று பலர் நினைக்கிறார்கள். முட்டை வெள்ளைக்கரு உதவுகிறது, உண்மைதான். ஆனால் பளபளப்பைத் தருவது முதன்மையாக அரைப்பும் தேய்ப்பும்.

சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றுவதில் வேலை தொடங்குகிறது. தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள், கண்ணில் விழுந்தால் பார்வைக்கே ஆபத்து. நீறிய சாந்தை மெல்லிய சல்லடையில் வடித்து, மேலே இரண்டங்குலம் தண்ணீர் நிற்கும்படி மூடி வைக்க வேண்டும். மூன்று வாரம் குறைந்தபட்சம். எத்தனை மாதம் ஊறினாலும் நல்லதே. அவசரப்பட்டால் நீறாத பொடிக்கற்கள் சுவருக்குள் போய், பிறகு ஈரம் வாங்கி நீறும்போது ஊதிப் பெருத்து, பூச்சை மிளகளவு மிளகளவாகப் பெயர்த்துத் தள்ளும். பூசி மாதங்கள் கழித்துச் சுவரில் அம்மைத்தழும்பு போலக் குழிகள் விழுவதற்குக் காரணம் இதுதான்.

கடுக்காயை ஒன்றிரண்டாக இடித்து, வெல்லத்தோடு தண்ணீரில் போட்டு, நாட்கணக்கில் புளிக்க விட்டு, வடிகட்டிய நீரைக் கலவைக்குச் சேர்ப்பார்கள். அளவு கொத்தனாருக்குக் கொத்தனார் மாறும். வெல்லம் கலவையை இளக்கமாக்கி, குறைந்த தண்ணீரில் பூச வைக்கிறது. தண்ணீர் குறைந்தால் விரிசலும் குறையும். வெல்லம் அதிகமானால் பூச்சு இறுகாமல் பொசபொசவென்று கிடக்கும், எறும்பும் வரும்.

பூச்சு ஐந்து அடுக்கு. முதல் அடுக்கு ஒரு பங்கு சாந்துக்கு மூன்று பங்கு பருமணல், 12 மில்லிமீட்டர் கனம். இரண்டாவது ஒன்றுக்கு இரண்டு, 6 மி.மீ. மூன்றாவது சமபங்கு பொடிமணல், 3 மி.மீ. நான்காவதில் மணலுக்குப் பதில் மார்பிள் தூள், ஒரு மில்லிமீட்டர். கடைசி அடுக்கு அம்மியிலோ வெட் கிரைண்டரிலோ மைய அரைத்த சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கருவோடு, தாள் கனத்துக்கு. உள்ளிருந்து வெளியே வர வர மணல் குறைய வேண்டும், பொடியாக வேண்டும், கனமும் குறைய வேண்டும். சாந்து அதிகமுள்ள கலவையைக் கனமாகப் பூசினால் சுருங்கி வெடிக்கும். சுண்ணாம்பு வேலையில் பார்க்கும் விரிசல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு தவறால் வருபவை.

நூறு சதுர அடிச் சுவருக்கு முதல் அடுக்குக்கு மட்டும் ஏறத்தாழ 4 கன அடி மணலும் 37 லிட்டர் சாந்தும் வேண்டும். இரண்டாவதுக்கு 2 கன அடியும் 28 லிட்டரும். மேலுள்ள மூன்றையும் சேர்த்தால் மொத்தச் சாந்து 100 லிட்டரை ஒட்டி வரும்; சேதாரத்துக்குப் பத்து சதம் கூட்டிக்கொள்ளுங்கள். இந்தச் சாந்து முழுவதும் ஒரே தொட்டியில் ஊறியதாக இருப்பது நல்லது. பாதிச் சுவருக்கு ஒரு சரக்கு, மீதிக்கு வேறு சரக்கு என்றால் வெண்மை மாறி நடுவில் கோடு தெரியும்.

முதல் அடுக்கு பூசியதும் பூச்சை மட்டமாக்கும் மணியாஸ் கட்டையால் தேய்த்து, ஆணியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, இரண்டு வாரம் விட வேண்டும். தினம் இரண்டு முறை தண்ணீரைப் புகைபோலத் தெளிக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கித்தான் கல்லாகிறது. அந்த வேதிவினைக்கு ஈரம் வேண்டும். ஈரமில்லாமல் காய்ந்த பூச்சு கல்லாவதில்லை, வெறும் மாவாக உலர்ந்து நிற்கும், கை வைத்தால் வெள்ளையாக ஒட்டும். அக்னி நட்சத்திர வெயிலில் வெளிச்சுவரில் சுண்ணாம்பு வேலை தொடங்குவது வீண். ஐப்பசி, கார்த்திகை மழையும் ஆகாது. தை, மாசியில் செய்த வேலை நன்றாக நிற்கும்.

மேல் மூன்று அடுக்குகளை அடுத்தடுத்து, ஒன்று முழுக்கக் காயுமுன் இன்னொன்றாகப் பூச வேண்டும். கடைசி அடுக்கு கரணை (கொத்துக்கரண்டி) அழுத்தத்தில் வழுக்கத் தொடங்கியதும், வழவழப்பான கூழாங்கல்லால் சிறு சிறு வட்டமாக அழுத்தித் தேய்க்க வேண்டும். சீக்கிரம் தேய்த்தால் பூச்சு கல்லோடு வந்துவிடும், தாமதித்தால் கறுப்புக் கீறல் விழும். ஒருவர் ஒரு நாளில் நல்லபடியாகத் தேய்த்து முடிக்கும் பரப்பு மிகக் குறைவு. ஆகவே ஒரு சுவரை மூலைக்கு மூலை ஒரே நாளில் முடிக்குமளவுக்கு ஆள் நிறுத்த வேண்டும். மத்தியானம் விட்ட இடத்தில் மறுநாள் சேர்த்த இணைப்பு என்றைக்கும் தெரியும். கூலிதான் இந்த வேலையில் பெரும் செலவு. நடுத்தர விலை டைலைவிடக் கூடுதலாகவே ஆகும். அதைச் சொல்லாமல் மலிவான பழைய முறை என்று விற்பவர்களை நம்பாதீர்கள்.

ஏற்கெனவே சிமெண்ட் பூசிப் பெயிண்ட் அடித்த சுவரென்றால், பெயிண்டையும் பட்டியையும் முழுக்கச் சுரண்டி எடுத்து, சுவரை நெருக்கமாகக் கொத்திவிட்டுத்தான் பூச வேண்டும். அக்ரிலிக் பட்டியின் மேல் சுண்ணாம்பு பிடிக்காது. பலகை பலகையாகக் கழன்று வரும். அதேபோல் சுண்ணாம்புச் சுவர் மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடிப்பதும் தவறு. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயிண்ட் கொப்பளிக்கும்.

இது கூடம், படுக்கையறை, பூஜையறை, நடை, குளியலறையின் காய்ந்த பக்கம் இவற்றுக்கு அருமையானது. ஷவருக்கு நேர் கீழே வேண்டாம். அடுப்புக்குப் பின்னாலும் வேண்டாம். புதுச் சுண்ணாம்புச் சுவரில் மஞ்சள் பட்டால் கறை மஞ்சளாக இருக்காது, ரத்தச் சிவப்பாக மாறும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது எப்படியோ அப்படியே. சுவர் முழுக்க இறுகிய பிறகு பட்டால் வெறும் மஞ்சள் கறைதான், வெயில் படும் இடமென்றால் நாளடைவில் வெளுத்தும் விடும்.

ஷவர் மூலைக்கும் சுண்ணாம்பே வேண்டுமென்றால்

மொராக்கோவின் மராக்கேஷ் நகரத்து ஹம்மாம் எனும் பொதுக் குளியல் கூடங்களில் ‘தாதெலாக்ட்’ என்றொரு பூச்சு உண்டு. தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே அதைப் பூசுவார்கள். அடிப்படை ஒன்றே: சுண்ணாம்பு, கூழாங்கல் தேய்ப்பு. ஆனால் இரண்டு வேறுபாடுகள். அந்த ஊர்ச் சுண்ணாம்பில் இயல்பாகவே களிமண்ணும் சிலிக்காவும் கலந்திருப்பதால் ஈரத்திலும் இறுகும். தேய்த்து முடித்தபின் ஆலிவ் எண்ணெயில் செய்த கறுப்புச் சோப்பைத் தண்ணீரில் கரைத்துப் பூசி மறுபடி கல்லால் தேய்ப்பார்கள். சோப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து தண்ணீரில் கரையாத கால்சியம் சோப்பாகி, துளைகளை அடைத்துவிடும். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் படிகிறதே, அதே வேதிவினை இங்கே சுவருக்குள் நடக்கிறது.

நம்மூர் கிளிஞ்சல் சுண்ணாம்பில் அந்தச் சிலிக்கா இல்லை. அதற்கு ஈடாக அடி அடுக்குகளில் நன்கு சுட்ட செங்கல்லைப் பொடித்து, மாவாகச் சலித்த சுர்க்கியைச் சேர்க்கலாம். பழைய கிணறுகளிலும் மொட்டைமாடித் தளங்களிலும் சுர்க்கி போட்டதற்குக் காரணமும் அதுதான். வெந்தும் வேகாத செங்கல் பொடி பயன்படாது. இத்தனைக்கும் பிறகு, சோப்புப் பூச்சை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும், நார் போட்டுத் தேய்க்கக் கூடாது. இதைச் செய்து பழகிய கையை நேரில் பார்த்து, குறைந்தது ஒரு வருடம் புழங்கிய அவர் வேலையைத் தொட்டுப் பார்த்த பிறகே ஷவர் மூலையை ஒப்படையுங்கள்.

ஆக்சைடு: தரையில் மட்டுமல்ல

சிவப்பு ஆக்சைடு என்றால் திண்ணையும் தாழ்வாரத் தரையும் நினைவுக்கு வரும். அதே பூச்சைச் சுவரில் மூன்றடி, நாலடி உயரத்துக்கு இழுப்பதும் பழக்கத்தில் இருந்ததுதான். இணைப்பே இல்லாததால் குளியலறைக்கு மிகப் பொருத்தம். டைலில் அழுக்கு சேருவது, டைல்களுக்கு நடுவே அடைக்கும் க்ரௌட் கோடுகளில்; இதில் கோடே இல்லை.

நூறு சதுர அடிக்கு ஏறத்தாழ ஒரு மூட்டை சிமெண்ட் பிடிக்கும் (அடிப்பூச்சு தனி). நிறமி எவ்வளவு என்பதில்தான் குழப்பம். பழைய கொத்தனார்கள் மூன்றுக்கு ஒன்று என்று போடுவார்கள். அது மண்ணோடு கலந்து வந்த பழைய ஆக்சைடுக்குப் பொருந்திய கணக்கு. இன்றைய செயற்கை இரும்பு ஆக்சைடு மிக அடர்த்தியானது; சிமெண்ட் எடையில் 5 சதம், அதாவது மூட்டைக்கு இரண்டரை கிலோ போதும். 10 சதத்துக்கு மேல் போனால் நிறம் கூடாது, பூச்சின் வலு குறையும், துடைத்தால் துணியில் சாயம் வரும்.

சிவப்பு, மஞ்சள், பழுப்பு, கறுப்பு நான்கும் இரும்பு ஆக்சைடு. சிமெண்ட் காரத்துக்கும் வெயிலுக்கும் அசையாதவை. குரோமியம் ஆக்சைடுப் பச்சையும் அப்படியே. நீலம் கேட்டால் கவனம்: மலிவான நீலங்கள் பல, சிமெண்டில் வெளுத்துவிடும். மஞ்சளும் வெளிர் நிறங்களும் சாம்பல் சிமெண்டில் சேறு போல வரும், வெள்ளைச் சிமெண்டில் போட வேண்டும்.

அடிப்பூச்சு ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல், 12 மி.மீ., மேல் சொரசொரப்பாக விடவும். சுவிட்ச் பெட்டி, பைப் இவற்றுக்கு வெட்டிய காடிகளின் மேலும், கான்கிரீட் தூணும் செங்கல்லும் சந்திக்கும் கோட்டின் மேலும் கோழிவலையோ பைபர் வலையோ வைத்துப் பூசாவிட்டால் ஆக்சைடில் அதே கோட்டில் விரிசல் வரும். வராமல் இருக்கவே இருக்காது. நிறமியையும் சிமெண்டையும் காய்ந்த நிலையில் கலந்து மூன்று நாலு முறை சலிக்க வேண்டும். மொத்தச் சுவருக்கும் வேண்டிய தூளை ஒரே தடவையில் கலந்து மூட்டையில் கட்டி வைத்துவிட்டு, அதிலிருந்து எடுத்து எடுத்துக் குழைக்க வேண்டும். சட்டி சட்டியாக நிறமி அள்ளிப் போட்டால் ஒவ்வொரு சட்டியும் ஒரு நிறம்.

அடிப்பூச்சு ஈரம் காயாமல் இருக்கும்போதே, நிறச் சிமெண்டும் பொடிமணலும் சமபங்காக 4 மி.மீ. பூசி, அது இழுத்ததும் மணலில்லாத நிறக் குழம்பை ஒரு மில்லிமீட்டருக்கு இழுத்து, கட்டைவிரல் பதியாத நிலை வந்ததும் இரும்புக் கரணையால் அழுத்தி மெருகேற்ற வேண்டும். இந்த மேல்தோல் கனமாகிவிட்டால் மயிரிழை விரிசல்கள் வலை வலையாக வரும். எவ்வளவு கவனித்தாலும் நீளமான சுவர் எங்காவது வெடிக்கும் என்பதால், மூன்று நாலு அடிக்கு ஒரு பித்தளைப் பட்டையோ கண்ணாடிப் பட்டையோ முன்கூட்டியே வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

நனைப்பதில்தான் பலர் கெடுக்கிறார்கள். ஹோஸ் பைப்பில் அடித்தால் தண்ணீர் ஓடிய தடமெல்லாம் வெள்ளைக் கோடாக நிற்கும். ஈரச் சாக்கைச் சுவரில் ஒட்டினால் சாக்கு தொட்ட இடம் ஒரு நிறம், தொடாத இடம் ஒரு நிறம். மறுநாளிலிருந்து ஏழு நாள் புகைத் தெளிப்பானால் நனைத்து, பிளாஸ்டிக் தாளைச் சுவரில் ஒட்டாமல் ஒரு அங்குலம் தள்ளித் தொங்கவிட்டு மூட வேண்டும். கூடுமானால் நல்ல தண்ணீரில் நனையுங்கள். முழுக்கக் காய்ந்தபின் மெழுகு அல்லது தேங்காயெண்ணெய், துணியில் தொட்டு மெல்லிதாக.

ஆத்தங்குடியைச் சுவரேற்றினால்

சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகை மேல் நிறச் சிமெண்டை ஊற்றி, மேலே உலர்ந்த கலவையும் மணல் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துச் செய்வது இந்த டைல். சூளையில் சுடுவதில்லை. கண்ணாடி தொட்ட முகம் என்பதால்தான் அந்த வழவழப்பு.

சுவரில் வைக்கும்போது எடை நினைவிருக்க வேண்டும். எட்டங்குலச் சதுரம், 20 மி.மீ. கனம் என்றால் ஒரு டைல் கிட்டத்தட்ட 1.8 கிலோ, சதுர அடிக்கு 4 கிலோ. வெறும் சிமெண்ட் பாலில் ஒட்டினால் வழுகி இறங்கும். கனமான டைலுக்கென்று விற்கும் பாலிமர் பசையைச் சுவரிலும் டைல் முதுகிலும் இரு பக்கமும் தடவி ஒட்ட வேண்டும். கீழே ஒரு நேர்க்கட்டையை ஆணியடித்து முதல் வரிசையை அதன் மேல் உட்கார வைத்து, நாளுக்கு நாலு வரிசைக்கு மேல் ஏறாமல் போவது நல்லது. அதற்கும் முன், பழைய பூச்சைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். டொக்கு டொக்கென்று கேட்டால் அந்தப் பூச்சு இந்த எடையைத் தாங்காது, உரித்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள்.

க்ரௌட் போடும் முன்பே துளைகளை அடைக்கும் சீலர் அடிப்பது அவசியம். அடிக்காவிட்டால் கறுப்புக் க்ரௌட் டைலின் துளைகளுக்குள் இறங்கி, வெளிர் நிறப் பூக்களையெல்லாம் மங்கடித்துவிடும். தரையில் காலடி படப் படத்தான் ஆத்தங்குடி மெருகேறும். சுவரில் யாரும் நடப்பதில்லை என்பதால் அந்த மெருகு தானாக வராது. முதல் சில மாதங்களுக்கு எண்ணெய்த் துணியால் அடிக்கடி தேய்த்துக்கொடுக்க வேண்டும். முழுச் சுவரும் பூப்போட்ட டைலாக அடைப்பதைவிட, வாஷ்பேசினுக்குப் பின்னால் நாலடி அகலப் பட்டையாக வைத்து, சுற்றிலும் சுண்ணாம்பு விட்டால் அதன் அழகு நிற்கும்.

உடைசலில் ஒரு சுவர்

கட்டடக் கலைஞர் கவுதி வடிவமைத்த பார்சிலோனாவின் பார்க் குவெல் பூங்காவில் உடைந்த பீங்கானைக் கொண்டு பெஞ்சுகளையே போர்த்தியிருக்கிறார்கள். சண்டிகரில் நேக் சந்த் கட்டியெழுப்பிய, 1976இல் திறக்கப்பட்ட ராக் கார்டனில் உடைந்த தட்டு, டைல், வளையல் எல்லாம் சிலையாகவும் சுவராகவும் நிற்கின்றன. நம்மூர் மொட்டைமாடிகளில் வெயிலுக்குப் பதிக்கும் வெள்ளை டைல் உடைசலும் இதே கைவேலைதான். டைல் கடைகளில் உடைந்த பெட்டிகளைத் தள்ளுபடியில் தருவார்கள். நூறு சதுர அடிச் சுவருக்கு 85லிருந்து 90 சதுர அடி உடைசல் போதும், மிச்சத்தை இடைவெளி எடுத்துக்கொள்ளும்.

டைலைச் சாக்குக்குள் போட்டுக் கண்ணாடி அணிந்து உடையுங்கள். ஓரிரண்டு அங்குலத் துண்டுகள் வசதி. சுவர் டைல் மெல்லியது, தரை டைல் கனமானது, இரண்டையும் கலந்தால் மேல்மட்டம் மேடு பள்ளமாகும். ஒரு அடி சதுரத்துக்கு மேல் பசை தடவாதீர்கள், பதிப்பதற்குள் தோல் கட்டிவிடும். பதித்ததும் ஒரு நேரான பலகையை வைத்துத் தட்டினால் எல்லாத் துண்டும் ஒரே மட்டத்துக்கு வரும். கைபடும் உயரத்தில் இருக்கும் விளிம்புகளை எமரிக் கல்லால் தேய்க்காமல் விட்டால், குழந்தைகள் விரலைக் கிழித்துக்கொள்வார்கள். இடைவெளி 3 முதல் 5 மி.மீ. வரை, க்ரௌட் நிறையப் பிடிக்கும். நிறத்தைத் தீர்மானிப்பது துண்டுகளைவிடக் க்ரௌட்தான் என்பது வெள்ளையில் ஒன்று, கறுப்பில் ஒன்று மாதிரி செய்து பார்த்தால் விளங்கும். ஷவர் பக்கமென்றால் எபாக்ஸி க்ரௌட், அதில் கால் மணி நேரத்துக்குள் துடைத்துவிட வேண்டும். காய்ந்த எபாக்ஸியை எடுப்பது பெரும்பாடு.

அடுப்புக்குப் பின்னால்

இங்கே ஆசைக்கு அதிக இடமில்லை. கிரானைட் வெட்டுத் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும், புளிக்கும் எண்ணெய்க்கும் அசையாது. மேடைக்குப் போட்ட அதே பலகையில் மிஞ்சியதைப் பின்னால் இரண்டடி நிறுத்தினால் இணைப்பே தெரியாது.

பின்புறம் நிறம் பூசிய, சூடாக்கி வலுவேற்றிய டஃபன்டு கண்ணாடியும் நல்ல வழி, ஒரே துடைப்பில் சுத்தமாகும். பிளக் பாயிண்ட் துளைகளை எல்லாம் அளந்து கொடுத்து, டஃபன் செய்வதற்கு முன்பே வெட்ட வேண்டும். பிறகு வெட்டப் போனால் கண்ணாடி நொறுங்கும். ஒட்டுவதற்கு வினிகர் வாடை வராத நியூட்ரல் சிலிக்கான். வாடை வருகிற வகை பின்புற நிறத்தை அரிக்கும். மேடைக்கும் கண்ணாடிக்கும் 3 மி.மீ. இடைவெளி விட்டு அதையும் சிலிக்கானால் அடையுங்கள். பலகை, மூங்கில், வால்பேப்பர் மூன்றும் இந்த இடத்தில் வேண்டவே வேண்டாம்.

எதுவானாலும் முன்னே பார்க்க வேண்டியது ஓதம்

டைல் முடியும் கோட்டுக்குச் சற்று மேலே பெயிண்ட் உரிந்து உப்புப் பூத்திருப்பதை எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம். தரையிலிருந்து ஏறும் ஓதத்துக்கு டைல் வழிவிடாததால், அது டைலுக்குப் பின்னாலேயே ஏறி முதல் திறந்த இடத்தில் வெளியே வருகிறது. சுண்ணாம்பு அந்த ஈரத்தை வழியெங்கும் வெளியேற விடும், ஆனால் ஓதத்தைக் குணப்படுத்தாது. இரண்டடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறம் முத்து முத்தாக வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அடித்தளத்தையோ பைப்பையோ சரிசெய்யாமல் மேலே எதைப் பூசினாலும் பணம் வீண். வெளிப்புறம் வேர்த்திருந்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை, எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டாலே தீரும்.

சுவர் காய்ந்திருக்கிறது என்று உறுதியான பிறகு, முழு வேலைக்கு முன் அதே ஆள், அதே சரக்கு, அதே சுவரில் இரண்டடிக்கு இரண்டடி ஒரு மாதிரி பூசச் சொல்லுங்கள். கூலி தனியாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. ஒரு மாதம் காய விட்டு, புளிக்கரைசல், மஞ்சள் கலந்த எண்ணெய், சோப்பு நுரை, வீட்டுப் போர் தண்ணீர் நான்கையும் தனித்தனி மூலையில் தடவி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் ஈரத்துணியால் துடைத்தபின் எந்த மூலையில் கறை போகாமல் நிற்கிறதோ, அந்தப் பொருள் படுகிற சுவருக்கு அந்தப் பூச்சு வேண்டாம்.